போல்ட் பொருந்தினா போதுமா? எஞ்சின் ஹெட்டில் இருக்கும் அந்த எண்ணைப் பில்லில் கேளுங்கள்!

அப்பாவின் பழைய கார் போன வருஷம் மேட்டுப்பாளையம் ரோட்டில் சூடாகி நின்றது. எந்த கம்பெனி கார் என்பது இங்கே தேவையில்லை. தப்பு காருடையது இல்லை, எங்களுடையது. கூலன்ட் குறைந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்ட பிறகும், "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போயிடலாம்" என்று ஓட்டினோம்.

பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஹெட் வளைஞ்சிருச்சுங்க சார். ஃபேஸிங் போட்டாலும் நிக்காது. வேற ஹெட் பார்த்துப் போட்டுரலாம்" என்றார்கள். எஞ்சினைத் திறந்தாச்சு, அப்படியே ரிங், பேரிங் எல்லாம் மாற்றிவிடலாம் என்றும் சொன்னார்கள். சரி என்றோம். மூன்று வாரம் ஆனது. 41,000 ரூபாய் ஆனது. பில்லில் அந்த ஹெட்டுக்கு இருந்தது ஒரே ஒரு வரி: "ஹெட் (யூஸ்டு) - 1".

வண்டி ஸ்டார்ட் ஆனது. டவுனுக்குள் நன்றாகவே ஓடியது. ஆனால் குன்னூர் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். "புது வேலைங்க, ஓட ஓட செட் ஆயிரும்" என்றார்கள். ஆகவில்லை. மறுபடி போனபோது டைமிங்கைக் குறைத்து வைத்தார்கள். சத்தம் கொஞ்சம் அடங்கியது. கூடவே பிக்கப்பும் அடங்கியது.

ஆறு மாதம் கழித்து, கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்கு வண்டி போனது. அங்கிருந்த பெரியவர் ஹெட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டு, கம்பி பிரஷ்ஷால் ஒரு மூலையைத் தேய்த்தார். கறுப்புக் கரிக்கு அடியிலிருந்து புடைப்பாகச் சில எண்கள் தெரிந்தன. தன் அழுக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது உங்க எஞ்சினுக்குப் பொறந்த ஹெட்டே இல்லீங்க கண்ணு. அண்ணன் தம்பி மாதிரி. மூஞ்சி ஒண்ணுதான், குணம் வேற."

அந்த எண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் வேலை பார்த்த பில்லில் அந்த எண் இல்லை என்றால், நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது. தெரியாத பொருளுக்கு 40,000 ரூபாய் கொடுக்காதீர்கள்.

முதலில், ஹெட் என்பது என்ன?

எளிமையாகச் சொன்னால், எஞ்சினின் கீழ்ப்பாதி பிளாக், மேல்பாதி சிலிண்டர் ஹெட். பிளாக்கில் இருக்கும் துளைகளுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அந்தத் துளைகளை மேலே மூடுவது ஹெட். இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஹெட் கேஸ்கெட்.

குக்கருக்கு மூடி மாதிரிதானே என்று தோன்றும். ஆனால் இந்த மூடிக்குள்தான் எஞ்சினின் பாதி மூளை இருக்கிறது. பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும் வழி, புகை வெளியேறும் வழி, அந்த வழிகளைத் திறந்து மூடும் வால்வுகள், வால்வு உட்காரும் சீட், கூலன்ட் ஓடும் குகைகள், ஆயில் ஏறும் துளைகள், எல்லாவற்றுக்கும் மேலாக எரிபொருள் வெடித்து எரியும் அந்தச் சின்ன அறை. இவ்வளவும் ஒரே வார்ப்பில் இருக்கிறது.

"800 சிசி ஹெட் இருக்காண்ணே?" என்று பழைய பார்ட்ஸ் கடையில் கேட்டால் வரும் பதில் பாதி பதில்தான். நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் மாருதியின் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். கார்புரேட்டர் கால மாருதி 800-ல் இருந்த ஹெட்டில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் 6 வால்வு. ஆல்டோவில் வந்ததில் சிலிண்டருக்கு நான்கு வீதம் 12 வால்வு. சிசி ஒன்றுதான். ஹெட் வேறு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். சிக்கல் வருவது, பார்த்தால் வித்தியாசமே தெரியாத ஹெட்களில்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

ஹெட்டை யாரும் இரும்புக் கட்டியிலிருந்து கடைந்து எடுப்பதில்லை. உருக்கிய இரும்பையோ அலுமினியத்தையோ அச்சில் ஊற்றித்தான் செய்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. பம்பு, மோட்டார் என்று இந்த ஊர் வளர்ந்ததே வார்ப்பட ஆலைகளின் தோளில்தான்.

சுவாமிமலை சிற்பி மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றுகிறார். ஒரு அச்சுக்கு ஒரு சிலை. அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒன்றைப் போல இன்னொன்று அச்சு அசலாக இருக்காது. தொழிற்சாலையில் மணல் அச்சு. அங்கேயும் அச்சு ஒவ்வொரு முறையும் உடையும். ஆனால் அந்த அச்சை உருவாக்கும் பேட்டர்ன் அப்படியே இருக்கும். கூலன்ட் ஓட வேண்டிய இடம், காற்று போக வேண்டிய இடம் எல்லாவற்றுக்கும் மணலிலேயே கோர் செய்து உள்ளே வைப்பார்கள். உலோகம் இறுகிய பிறகு மணலைத் தட்டி எடுத்தால், அந்த இடம் குழியாக நிற்கும்.

பேட்டர்னில் புடைப்பாக ஒரு எண்ணை வைத்துவிட்டால், அதிலிருந்து பிறக்கும் எல்லா ஹெட்டிலும் அந்த எண் வரும். இதுதான் காஸ்டிங் எண். பின்னால் யாரும் பஞ்ச் அடித்துச் சேர்த்தது இல்லை, ஹெட்டோடு பிறந்தது. டிசைன் மாறினால் பெரும்பாலும் எண்ணும் மாறும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். காஸ்டிங் எண் வேறு, பார்ட் நம்பர் வேறு. ஒரே வார்ப்பை எடுத்து ஒரு காருக்குச் சின்ன வால்வு, இன்னொரு காருக்குப் பெரிய வால்வு என்று கடைவது உண்டு. அப்போது காஸ்டிங் எண் ஒன்றாக இருந்தாலும் பார்ட் நம்பர் இரண்டாக இருக்கும்.

ஐந்து மில்லியில் என்ன ஆகிவிடப் போகிறது?

எங்கள் ஹெட்டில் என்ன பிரச்சினை என்று பெரியவர் காட்டிய விதம் ஒரு ஸ்கூல் லேப் மாதிரி இருந்தது. ஹெட்டைத் தலைகீழாக வைத்தார். எரியும் அறையின் விளிம்பில் கிரீஸ் தடவி, ஓட்டை போட்ட ஒரு அக்ரிலிக் தகட்டை மேலே ஒட்டினார். ஓட்டை வழியாக ஊசி சிரிஞ்சில் மண்ணெண்ணெய் விட்டார். அறை நிரம்ப எத்தனை மில்லி பிடித்தது என்று குறித்தார். எங்கள் எஞ்சினுக்கு இருக்க வேண்டியதைவிட அறைக்குக் கிட்டத்தட்ட 5 மில்லி குறைவு. ஒரு டீஸ்பூன் அளவு.

ஒரு டீஸ்பூன்தானே? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புரிவதற்காக 1,200 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. பிஸ்டன் முழுக்க மேலே வந்து நின்ற பிறகு மிச்சமிருக்கும் இடம் 37.5 சிசி என்று வைப்போம். ஹெட்டில் இருக்கும் அறை, கேஸ்கெட்டின் தடிமன், பிஸ்டன் தலையில் இருக்கும் குழி எல்லாம் சேர்ந்தது இது.

அப்படியானால் 337.5 சிசி இடத்தில் இருந்த காற்றும் பெட்ரோலும் 37.5 சிசிக்குள் அமுக்கப்படுகிறது. வகுத்தால் 9. இதைத்தான் கம்ப்ரஷன் ரேஷியோ 9:1 என்கிறோம்.

இப்போது அறையில் 5 சிசி குறைந்த ஹெட்டைப் போடுங்கள். மிச்ச இடம் 32.5. ரேஷியோ 10.2 ஆகிவிடும். 5 சிசி கூடுதலான ஹெட்டைப் போட்டால் மிச்ச இடம் 42.5. ரேஷியோ 8 ஆக இறங்கிவிடும்.

அதாவது ஒரு டீஸ்பூன் இந்தப் பக்கம் போனால் எஞ்சின் தட்டும், அந்தப் பக்கம் போனால் எஞ்சின் சோம்பும். அமுக்கம் கூடினால் சூடு கூடும். ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள், மூலையில் இருக்கும் பெட்ரோல் தானாகவே வெடிக்கும். அதுதான் அந்தக் கூழாங்கல் சத்தம். நாக்கிங். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் தலை உருகும், ரிங் இடுக்கு உடையும், கேஸ்கெட் போகும்.

சின்ன எஞ்சின்களில் இந்த ஆபத்து அதிகம். சிலிண்டர் சின்னது என்பதால் ஒவ்வொரு மில்லிக்கும் கனம் கூடுதல். நாம் ஓட்டுவது பெரும்பாலும் சின்ன எஞ்சின்கள்தான்.

இந்த எண்களை மனப்பாடமாக வைத்திருக்கும் நாடு

ஹெட்டின் எண்ணைப் பார்த்து வாங்குவது ஏதோ அதீத ஆர்வம் இல்லை. அமெரிக்காவில் பழைய கார் எஞ்சின் கட்டுகிறவர்களுக்கு அதுதான் முதல் வேலை. காரணம், செவ்ரோலே 1955-ல் கொண்டுவந்த 'ஸ்மால் பிளாக்' என்ற வி8 எஞ்சின். பல பத்தாண்டுகள் அடிப்படை அளவுகள் மாறாமல் ஓடிய குடும்பம் அது. 2011-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 10 கோடியாவது ஸ்மால் பிளாக்கைத் தயாரித்தது.

அந்தக் குடும்பத்தின் பழைய தலைமுறைகளில், ஒரு வருடத்து ஹெட்டை இன்னொரு வருடத்து பிளாக்கில் வைத்தால் போல்ட் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். அதுதான் வசதி, அதுதான் வலை.

அங்கே ஹெட்டைக் கடைசி மூன்று எண்ணை வைத்தே அழைக்கிறார்கள். 1960-களில் வந்த 3782461 என்ற ஹெட்டின் முனையில் ஒட்டகத் திமில் போல இரண்டு மேடு இருக்கும். அறை சுமார் 64 சிசி. 1970-களில் நிலைமை மாறியது. ஈயம் குறைந்த, ஆக்டேன் குறைந்த பெட்ரோலுக்குத் தயாராவதற்காக 1971-லேயே ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களின் அமுக்கத்தைக் குறைத்தது. 76 சிசி அறை கொண்ட ஹெட்கள் பரவின. அவற்றில் ஒன்று 333882. '882' என்றாலே விரிசல் பார்க்காமல் வாங்காதே என்று அங்கே சொல்வார்கள். 1996-ல் பிக்கப் வண்டிகளுக்காக வந்த 'வோர்டெக்' ஹெட்கள் 10239906, 12558062. மறுபடியும் 64 சிசி, ஆனால் காற்று போகும் வழி முன்பைவிட மேம்பட்டது.

5.7 லிட்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் சுமார் 717 சிசி. கேஸ்கெட்டுக்கும் பிஸ்டன் குழிக்கும் 20 சிசி என்று வைத்தால், 76 சிசி ஹெட்டோடு ரேஷியோ 8.5 அளவில் இருக்கும். 64 சிசி ஹெட்டைப் போட்டால் 9.5-க்கு ஏறும். அதே பிளாக், அதே பிஸ்டன்.

அங்கே பலர் வேண்டுமென்றேதான் இதைச் செய்கிறார்கள். பழைய எஞ்சினுக்கு வோர்டெக் ஹெட் போட்டால் பவர் கூடும். ஆனால் அவர்களுக்கு அதன் விலையும் தெரியும். வோர்டெக் ஹெட்டில் இன்டேக் மேனிஃபோல்டைப் பிடிக்கும் போல்ட் 8. பழையதில் 12. பழைய மேனிஃபோல்டு அப்படியே உட்காராது. அதிகமாக வால்வைத் தூக்கும் கேம்ஷாஃப்ட் போட்டால் மேலே இடம் போதாமல் இடிக்கும். இதையெல்லாம் எண்ணைப் பார்த்தே, காசு கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்கிறார்கள்.

அந்த ஹெட்களில் தேதியும் வார்ப்பிலேயே இருக்கும். மாதத்துக்கு ஒரு எழுத்து, பிறகு நாள், பிறகு வருடத்தின் கடைசி எண் மட்டும். ஜனவரிக்கு 'ஏ', பிப்ரவரிக்கு 'பி'. 'பி 12 7' என்றால் பிப்ரவரி 12, 1967 ஆகவும் இருக்கலாம், 1977 ஆகவும் இருக்கலாம். எது என்று காஸ்டிங் எண்ணைச் சேர்த்துப் படித்தால்தான் தெரியும்.

ஆக, வேறு ஹெட் போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தெரிந்து போட்டால் அது டிசைன். தெரியாமல் போட்டால் அது லாட்டரி.

அறை சரியாக இருந்தாலும் வால்வு இடிக்கலாம்

அமுக்கம் ஒன்றுதான் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனின் பழைய மினி கார் இதற்கு நல்ல உதாரணம். அதன் ஏ-சீரிஸ் எஞ்சின் பல அளவுகளில் வந்தது. 998 சிசி எஞ்சினில் சிலிண்டர் துளையின் விட்டம் சுமார் 64.6 மி.மீ. 1,275 சிசியில் 70.6 மி.மீ. பெரிய எஞ்சினின் ஹெட் '12ஜி940'. அதில் வால்வுகள் பெரியவை. அதனால் சின்ன எஞ்சினுக்கு அதைப் போட எல்லாருக்கும் ஆசை.

ஹெட் உட்காரும். போல்ட் இறுகும். ஆனால் சின்னத் துளைக்கு மேலே பெரிய வால்வு வெளிப்பக்கம் தள்ளி நிற்பதால், புகை வெளியேறும் வால்வு திறக்கும்போது பிளாக்கின் விளிம்பிலேயே இடிக்கும். அதற்காக பிளாக்கின் மேல்விளிம்பில் பிறை வடிவில் குழி கடைவார்கள். அதைச் செய்யாமல் சாவியைத் திருகினால், வளைந்த வால்வோடு மறுபடி பட்டறைக்குத்தான்.

அம்பாசிடர் சொல்லும் பாடம்: எண் மட்டும் போதாது

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 2014 வரை உத்தரபாராவில் தயாரான அம்பாசிடரை எல்லாருக்கும் தெரியும். அதன் 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிரிட்டனின் பிஎம்சி பி-சீரிஸ் வம்சம். கனமான வார்ப்பிரும்பு ஹெட். நான்கு சிலிண்டருக்குக் காற்று உள்ளே போக இரண்டே வழி, புகை வெளியேற மூன்று வழி. பக்கத்து வீட்டோடு வாசலைப் பங்கு போட்டுக்கொண்ட அமைப்பு. 1990-களில் இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது கார் வெளியே அதே அம்பாசிடர், உள்ளே ஹெட் முற்றிலும் வேறு.

இன்றும் ஆசையாக ஒரு பழைய அம்பாசிடரை எடுத்துத் தயார்செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு தேதி உண்டு: 2000, பிப்ரவரி 1. அன்றிலிருந்து இந்தியா முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல் மட்டும்தான்.

பெட்ரோலில் ஈயம் கலந்தது நாக்கிங்கைத் தடுக்க. அது மூளையைப் பாதிக்கும் விஷம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. அது ஒழிந்தது நல்லதே. ஆனால் அதற்கு எஞ்சினுக்குள் ஒரு துணை வேலையும் இருந்தது. எரிந்த ஈயம் வால்வு சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து மெத்தை மாதிரி நின்றது. பழைய இரும்பு ஹெட்களில் சீட் தனித்துண்டு கிடையாது. ஹெட்டின் இரும்பிலேயே கடைந்தது. மெத்தை போன பிறகு, நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் வேகமாக ஓட்டும்போது சூடான வால்வு அந்த மென்மையான இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். வால்வு உள்ளே இறங்கும். வால்வு கிளியரன்ஸ் குறையும். ஒரு கட்டத்தில் வால்வு முழுசாக மூடாமல் கருகும்.

இதற்குத் தீர்வு எளிது. சீட்டைக் கடைந்தெடுத்துவிட்டு, கடினமான உலோக வளையத்தை அழுத்திப் பொருத்துவது. நல்ல லேத் பட்டறையில் செய்யக்கூடிய வேலைதான்.

கவனியுங்கள். இரண்டு ஹெட், ஒரே காஸ்டிங் எண். ஒன்றில் கடினமான சீட் போட்டாயிற்று, இன்னொன்றில் இல்லை. எண்ணைப் பார்த்து இது தெரியாது. அதேபோல, ஏற்கெனவே இரண்டு முறை ஃபேஸிங் போட்டு மெலிந்த ஹெட்டா என்பதும் எண்ணில் இருக்காது. ஒவ்வொரு முறை ஃபேஸிங் போடும்போதும் அறை கொஞ்சம் சுருங்கும், அமுக்கம் கொஞ்சம் ஏறும்.

காஸ்டிங் எண் ஒரு பிறப்புச் சான்றிதழ். ஹெல்த் ரிப்போர்ட் வேறு. பழைய ஹெட் வாங்குகிறவருக்கு இரண்டும் வேண்டும்.

"பழைய வண்டிக்கு இதெல்லாம் ஓவர் சார்"

இப்படி ஒரு பதில் வரும். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முதல் பட்டறைக்காரரை நான் திருடர் என்று நினைக்கவில்லை. கம்பெனியில் அந்த ஹெட் வருவதில்லை. காயலான் கடையில் கிடைத்ததை எடுத்து வந்தார். போல்ட் பொருந்தியது, வண்டி ஓடியது. "குறைஞ்ச செலவுல முடிச்சுக் குடுங்க" என்று அவரிடம் சொன்னது எங்கள் அப்பா. பக்கத்தில் நின்று தலையாட்டியது நான். அளந்து பார்க்கும் நேரத்துக்கு நாம் காசு கொடுக்க மறுத்தால், அளக்காமல் போடுகிறவரிடம்தான் போய்ச் சேர்வோம்.

ஆனால் "பழைய வண்டிதானே" என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பழைய கார் பலருக்கு ஷோக்கு இல்லை. முதல் வேலை கிடைத்து, செகண்ட் ஹேண்டில் எடுக்கும் முதல் கார். 15 வருடம் முடிந்து, ஆர்.சி.யை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து ஓட்டும் குடும்பக் கார். இவர்களுக்கு எஞ்சின் வேலை என்பது இரண்டு மாதச் சம்பளம்.

அந்த ஆர்.சி.யில் எஞ்சின் எண் இருக்கிறதே என்று கேட்கலாம். அது பிளாக்கில் அடித்திருக்கும் எண். ஹெட்டுக்கு அதில் இடமே கிடையாது. ஹெட் எத்தனை முறை மாறினாலும், எந்த வண்டியிலிருந்து வந்தாலும், காகிதத்தில் ஒரு தடமும் இருக்காது. நாளை அந்தக் காரை வாங்கப்போகிறவருக்கும் தெரியாது. அவருடைய மெக்கானிக் உங்கள் மாடல் கையேட்டைப் பார்த்து கேஸ்கெட் வாங்குவார். தப்பான ஹெட்டுக்கு சரியான கேஸ்கெட்! கூலன்ட் துளை பாதி மூடிக்கொள்ளும். மறுபடி சூடு, மறுபடி பட்டறை.

சட்டமும் நுகர்வோர் பக்கம்தான் நிற்கிறது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராமல் இருப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. வாடிக்கையாளருக்குத் தேவையான தகவலைத் தெரிந்தே மறைப்பதை சேவைக் குறைபாடு என்கிறது. ஆனால் நீங்கள் கேட்கவே இல்லை, அவருக்கும் தெரியவே இல்லை என்றால், சட்டம் எதைப் பிடித்துக்கொள்ளும்? அதனால்தான் கேளுங்கள் என்கிறேன், எழுத்தில்.

கார் கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு மாடலுக்கு உதிரிபாகம் தருவதை நிறுத்தும் நாளில், அதன் ஹெட்களின் காஸ்டிங் எண், அறையின் கொள்ளளவு, ஃபேஸிங் வரம்பு ஆகியவற்றை ஒரு பக்க பிடிஎஃப்-ஆக வெளியிட்டுவிடுங்கள். வியாபாரம் முடிந்துபோன மாடலில் காக்க வேண்டிய ரகசியம் எதுவும் இல்லை. கணபதிப் பெரியவரின் அழுக்கு நோட்டு இல்லாத ஊர்களுக்கு அது உதவும்.

சரி, பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

வண்டியை விடும்போதே இதைப் பேசிவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் சண்டையாகிவிடும்.

1. எஞ்சினைத் திறந்ததும் உங்கள் பழைய ஹெட்டின் காஸ்டிங் எண்ணை போட்டோ எடுங்கள். தேய்த்தால்தான் தெரியும். வால்வு கவருக்கு அடியிலோ, பக்கவாட்டிலோ, போர்ட்டுகளுக்கு நடுவிலோ இருக்கும்.

2. வேறு ஹெட் வருகிறது என்றால், பொருத்துவதற்கு முன் அதன் எண்ணையும் போட்டோவாகக் கேளுங்கள். இரண்டும் ஒன்றா? இல்லையென்றால், என்ன வித்தியாசம் என்று அவர் சொல்ல வேண்டும்.

3. புது கேஸ்கெட்டை ஹெட்டின் மேலும் பிளாக்கின் மேலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கூலன்ட் துளையும் ஆயில் துளையும் நேராக நிற்க வேண்டும். இதற்குக் கருவியே தேவையில்லை, கண் போதும்.

4. அறையின் கொள்ளளவை அளக்கச் சொல்லுங்கள். தகடு, சிரிஞ்சு, மண்ணெண்ணெய், அரை மணி நேரம்.

5. விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட். பழைய ஹெட்டுக்கு இதை விடவே கூடாது.

6. ஹெட்டின் தளம் சமமாக இருக்கிறதா என்று நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜில் பார்க்க வேண்டும். சின்ன கார்களில் பெரும்பாலும் 0.05 மி.மீ. அளவிலேயே வரம்பு முடிந்துவிடும். தலைமுடியைவிட மெலிது. கண்ணால் பார்த்து "நல்லாதான் இருக்கு" என்று சொல்ல முடியாது.

7. எண் மாறியிருந்தால், மூடுவதற்கு முன் பிஸ்டன் தலையில் களிமண் வைத்து எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். வால்வு எவ்வளவு நெருங்கி வருகிறது என்பது களிமண்ணில் பதிந்துவிடும்.

கடைசியாக, பில்லில் நான்கு விஷயம்: காஸ்டிங் எண், ஃபேஸிங் போட்ட அளவு, பிரஷர் டெஸ்ட் முடிவு, சீட் வேலை நடந்ததா இல்லையா. கூடவே உங்கள் பழைய ஹெட்டைத் திருப்பிக் கேளுங்கள். அது உங்கள் பொருள்.

அந்தக் கடைசி வரியை அனுபவத்தில் எழுதுகிறேன். எங்கள் பழைய ஹெட்டை முதல் பட்டறையில் போய்க் கேட்டபோது, அது எப்போதோ எடைக்குப் போயிருந்தது. உண்மையிலேயே தேறாத அளவுக்கு வளைந்திருந்ததா, ஒரு நல்ல லேத்தில் நிமிர்ந்திருக்குமா என்பதை இனி யாராலும் அளக்க முடியாது.

கணபதிப் பெரியவர் சரியான எண் உள்ள ஹெட்டைத் தேடிப்பிடிக்க ஒன்றரை மாதம் ஆனது. மறுபடி 17,000 ரூபாய். போன மாதம் குன்னூருக்கு ஏறினோம். அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு, பர்லியார் வரை ஒரு வார்த்தை பேசாமல் எஞ்சினையே கேட்டுக்கொண்டு வந்தார். கூழாங்கல் சத்தம் இல்லை.

பெரியவர் பில் புக்கெல்லாம் வைத்திருப்பவர் இல்லை. நான் கேட்டதும் சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார். ஹெட் எண், நான்கு அறைகளின் மில்லி அளவு, ஃபேஸிங் எவ்வளவு, தேதி, கையெழுத்து. "இத்தனை வருஷத்துல எங்கிட்ட இதைக் கேட்ட மொத ஆளு நீங்கதான் கண்ணு" என்றார். அந்தத் தாள் இப்போது ஆர்.சி.யோடு ஒரே கவரில் இருக்கிறது.